பங்கில் தொண்டு செய்தவரை நினைவுகூர்வது எப்படி? அடக்க நாள் முதல் முதலாண்டு வரை

எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலில் சனிக்கிழமை சாயங்காலம் நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்டால் அக்கா வந்துவிட்டார் என்று அர்த்தம். சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பீடத்துக்கு முன்னால் இரண்டு ஓரத்திலும் பத்துப் பன்னிரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு வைப்பார். எதற்கென்று தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம் பக்கத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். சின்ன வயதில் பல்லில் கறையாகத் தெரிவது, வயதானபின் மூட்டு இறுக்கமாக வந்து நிற்கும். ஒகேனக்கல் தண்ணீர் வருவதற்கு முன்பு முப்பது நாற்பது வருடம் போர்த் தண்ணீரையே குடித்தவர்கள் பூசையில் முழங்கால் போட முடியாமல், தரையில் உட்கார்ந்தால் எழ முடியாமல், கூச்சப்பட்டுக் கோயிலுக்கு வருவதையே நிறுத்தியிருந்தார்கள். அக்கா அவர்கள் வீட்டுக்குப் போய், "உங்களுக்குன்னு நாற்காலி போட்டு வச்சிருக்கேன், வாங்க" என்று கூப்பிட்டார். வந்தார்கள்.

அவர் இறந்தபோது நினைவுக் காரியங்களைக் கவனிக்கும் பொறுப்பு பங்கு மக்களின் ஆலோசனைக் குழுவான பங்குப்பேரவையில் இருந்த என்னிடம் வந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்பு இன்னொரு மூத்த தொண்டருக்கு நாங்கள் நடத்திய கூட்டம் என் மனதை விட்டுப் போகவே இல்லை. மேடை போட்டோம், எட்டுப் பேர் பேசினார்கள், சால்வை கூடப் போட்டோம். அவர் எத்தனையோ ராத்திரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு ஓடிய குடும்பங்கள் வெளியே புளியமரத்தடியில் நின்றுவிட்டுப் போய்விட்டன. அந்தப் பேச்சாளர் பட்டியலை எழுதியவன் நான். அக்காவுக்கு அப்படி நடக்கக் கூடாது என்று உறுதியாக இருந்தேன். அப்போது செய்ததையும், செய்யும்போது கற்றுக்கொண்டதையும் இங்கே வரிசையாக எழுதுகிறேன். உங்கள் பங்கில் இப்படி ஒரு நாள் வரும்போது உதவட்டும்.

எனக்கு வழிகாட்டியது விவிலியத்தில் திருத்தூதர் பணிகள் நூலின் 9ஆம் அதிகாரம். யோப்பா ஊரில் தபித்தா என்ற பெண் சீடர் இறந்துவிடுகிறார். பேதுரு வந்ததும் கைம்பெண்கள் அவரைச் சூழ்ந்து நின்று அழுகிறார்கள். தபித்தா உயிரோடு இருந்தபோது தங்களுக்குச் செய்து கொடுத்த அங்கிகளையும் ஆடைகளையும் எடுத்துக் காட்டுகிறார்கள். அங்கே யாரும் சொற்பொழிவு ஆற்றவில்லை. பெற்றுக்கொண்டவர்கள் முன்னால் நிற்கிறார்கள், பெற்றது அவர்கள் கையில் இருக்கிறது. எல்லோரையும் சேர்த்துக்கொள்ளும் பங்கு என்று நம்மைச் சொல்லிக்கொண்டால், நினைவுகூரும்போதும் அந்த ஆட்கள்தான் முன்னால் நிற்க வேண்டும்.

முதல் படி: செய்தி யாருக்குப் போய்ச் சேரவில்லை என்று பாருங்கள்

சாவு மணி அடித்ததும் பங்கு வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டுவிடுவோம். அத்தோடு சொல்லியாகிவிட்டது என்று நினைக்கிறோம். தொண்டரிடம் உதவி பெற்றவர்களில் பாதிப் பேர் அந்தக் குழுவில் இருக்கவே மாட்டார்கள். ஒரு தாளை எடுத்து எழுதுங்கள்: காலனியின் கடைசித் தெரு, கட்டட வேலைக்கு வந்து ஷெட்டில் தங்கியிருக்கும் வடமாநிலக் குடும்பங்கள், கோயிலுக்கு எதிர்வீட்டு இந்து, முஸ்லிம் குடும்பங்கள், பெங்களூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள், காது கேளாதவர்கள், தனியாக வாழும் திருநங்கைகள். திசைக்கு இரண்டு பேராக வண்டியில் அனுப்புங்கள். போகிறவர் செய்தியைச் சொல்வதோடு, "வர முடியுமா, ஆட்டோ அனுப்பவா?" என்றும் கேட்டுவிட்டு வரட்டும். காது கேளாதவர்களுக்கு வீடியோ அழைப்பில் சைகை தெரிந்த ஒருவரே சொல்லட்டும். மற்றவர் அழுவதைப் பார்த்துத்தான் விஷயத்தைப் புரிந்துகொண்டார் என்ற நிலை யாருக்கும் வர வேண்டாம்.

அடக்க நேரத்தைக் குடும்பத்தார் முடிவு செய்யும் முன் இந்தப் பட்டியலை அவர்கள் கையில் கொடுங்கள். பெங்களூரிலிருந்து தருமபுரிக்கு பஸ்ஸில் மூன்று மணி நேரம் ஆகும். காலை பதினொரு மணி என்பதைச் சாயங்காலம் நாலு மணி ஆக்கினால் ஒரு முப்பது பேர் முகம் பார்த்துவிடுவார்கள்.

பெட்டியை யார் தூக்குவது? நம் ஊர்களில் இதைப் பலரும் கவனிப்பார்கள். குடும்பத்தாரிடம் பக்குவமாகக் கேட்டோம். சம்மதித்தார்கள். ஊர்த்தெருவிலிருந்து இரண்டு பேர், காலனியிலிருந்து இரண்டு பேர், அக்காவின் மருமகன், அக்கா கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்த ஒரு பெண் என்று ஆறு பேர் தூக்கினார்கள். இந்தியக் கத்தோலிக்க ஆயர்கள் (மறைமாவட்டத் தலைவர்கள்) 2016 டிசம்பரில் தலித் மக்களின் மேம்பாட்டுக்கான கொள்கையை வெளியிட்டபோது, எல்லோரையும் உள்ளடக்கும் சமூகங்களைக் கட்டுவது அறக்கடமை என்று தலைப்பிலேயே வைத்தார்கள். ஒரு பங்கில் அந்தக் கடமை இப்படிப்பட்ட முடிவுகளில்தான் நிறைவேறும்.

இரண்டாம் படி: அடக்கத் திருப்பலியில் எதை எங்கே வைப்பது

அடக்கப் பூசையில் ஒரு குழப்பம் எப்போதும் வரும். குரு பிரசங்கம் செய்யும் மறையுரை நேரத்தில் இறந்தவரின் பெருமையைப் பேச வேண்டும் என்று எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். திருப்பலியை எப்படி நடத்துவது என்று சொல்லும் திருப்பலி நூலின் பொதுப் படிப்பினை 382ஆம் எண்ணில், அடக்கத் திருப்பலியில் சுருக்கமான மறையுரை இருக்கலாம், புகழுரையாக அது இருக்கக் கூடாது என்று தெளிவாக இருக்கிறது. அதனால் பங்குத்தந்தையிடம் போய், "சாமி, அக்காவைப் பற்றி நிறையச் சொல்லுங்க" என்று வற்புறுத்தாதீர்கள். நற்கருணைக்குப் பின் வரும் மன்றாட்டு முடிந்து, இறுதிப் பிரியாவிடைச் சடங்கு தொடங்கும் முன் குடும்பத்தாரோ நண்பரோ சில வார்த்தை பேச இடம் உண்டு. ஒருவர், மூன்று நிமிடம், எழுதி வைத்து வாசித்தால் போதும். மற்ற எல்லாவற்றையும் முப்பதாம் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அடக்க நாளில் மனம் இறுகிக் கிடக்கும். பேசினாலும் காதில் ஏறாது.

மன்றாட்டுகளில்தான் எல்லோருக்கும் இடம் கொடுக்க முடியும். நம் இரண்டு மாவட்டங்களிலும் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர்கள் நிறைய. ஓசூர்ப் பக்கம் என்றால் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர்களின் மொழிகளும் சேர்ந்துகொள்ளும். ஒவ்வொரு மன்றாட்டையும் ஒரு மொழியில் வையுங்கள். வாசிப்பவர் தடுமாறினாலும் பரவாயில்லை. எங்கள் பங்கில் இரண்டாவது மன்றாட்டைக் காது கேளாத ஒரு தம்பி சைகையில் சொன்னான். பக்கத்தில் நின்ற பெண் அதைத் தமிழில் சொன்னார். அவனுக்காகத்தான் அக்கா ஐம்பத்தைந்து வயதில் சைகை மொழி படித்தார்.

இறந்த தொண்டர் கத்தோலிக்கர் இல்லையென்றால் என்ன செய்வது? இருபது வருடமாகக் கோயில் விருந்தான அசனத்துக்குச் சமைத்த இந்து அண்ணன், தேருக்கு விளக்குப் போடும் முஸ்லிம் எலக்ட்ரீஷியன் என்று எந்தப் பங்கிலும் ஒருவராவது இருப்பார். அவர்களுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்க முடியாது என்று சிலர் சொல்வார்கள். அது தவறு. உயிரோடு இருப்பவர், இறந்தவர் யாருக்காகவும் குரு திருப்பலி ஒப்புக்கொடுக்கலாம் என்று திருச்சபைச் சட்டம் 901 சொல்கிறது. அவர்களுடைய அடக்கம் அவர்கள் குடும்ப வழக்கப்படி நடக்கும். நாம் அங்கே போய் நிற்க வேண்டும். பிறகு கோயிலில் அவர் பெயரைச் சொல்லி, அவருக்காகவே பூசை என்று திருப்பலிக் கருத்து வைக்க வேண்டும்.

மூன்றாம் படி: பெயரும் பதிவேடும்

இது சின்ன வேலை. ஆனால் விட்டுவிட்டால் பின்னால் கல்லறைக் கல்லிலேயே தவறு ஏறிவிடும். ஒவ்வொரு பங்கிலும் ஞானஸ்நானம், திருமணம், இறப்பு ஆகியவற்றுக்குப் பதிவேடுகள் உண்டு. அடக்கம் முடிந்ததும் இறப்புப் பதிவேட்டில் எழுதியாகிவிட்டதா என்று பாருங்கள். பிறந்த தேதியையும் திருமணத் தேதியையும் அங்கேயே சரிபார்த்துக்கொள்ளுங்கள். தருமபுரி மறைமாவட்டம் 1997 ஜனவரி 24 அன்றுதான் சேலத்திலிருந்து பிரிந்து உருவானது. அதனால் பெரியவர்களின் பழைய சான்றிதழில் சேலம் மறைமாவட்டம் என்று இருந்தால் குழம்ப வேண்டாம். அதேபோல கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனது 2004இல். அதற்கு முந்தைய அரசுத் தாள்களில் தருமபுரி மாவட்டம் என்றே இருக்கும். அரசில் இறப்பைப் பதிவு செய்ய 21 நாள் கெடு. துக்கத்தில் இருக்கும் குடும்பம் இதை மறந்துவிடும். தொண்டர் எத்தனையோ பேருக்கு மனு எழுதிக் கொடுத்திருப்பார். அவர் வீட்டுக்கு இந்த ஒரு மனுவை நாம் எழுதிக் கொடுப்போம்.

பெயர் விஷயத்தில் இன்னொன்று. ஞானஸ்நானப் பெயர் ஒன்று, வீட்டுப் பெயர் ஒன்று, ஊர் கூப்பிட்ட பெயர் ஒன்று என்று மூன்று இருக்கலாம். நினைவு அட்டையில் ஊர் கூப்பிட்ட பெயரும் இருக்கட்டும். அதைப் பார்த்தால்தான் பலருக்கு ஆளே தெரியும். தொண்டர் திருநங்கையாக இருந்தால், எந்தப் பெயரில் வாழ்ந்தாரோ, எந்தப் பெயரைச் சொல்லி அவரை நற்கருணைக்குக் கூப்பிட்டோமோ, அந்தப் பெயரையே அட்டையில் போடுங்கள். குடும்பத்தார் பழைய பெயரைக் கேட்டால், கூட இருந்த தோழிகளையும் அழைத்து உட்காரவைத்துப் பேசுங்கள். இறந்தபின் ஒருவருடைய பெயரைப் பறிப்பது பெரிய கொடுமை.

நான்காம் படி: வீடு வீடாகப் போய்க் கேட்பது

முழு வேலையில் இதுதான் முக்கால்வாசி. முப்பதாம் நாளுக்குள் முடிக்க வேண்டும். நாங்கள் நான்கு பேர், மூன்று வாரம் போனோம்.

போகும் நேரத்தை யோசித்துத் தேர்ந்தெடுங்கள். மாங்காய்க் காலத்தில் தோப்பு வேலைக்குப் போகிறவர்கள், கல் குவாரிக்குப் போகிறவர்கள் சாயங்காலம் ஆறரைக்கு மேல்தான் வீட்டில் இருப்பார்கள். பெங்களூரில் கட்டட வேலை செய்பவர்களைச் சனிக்கிழமை ராத்திரி அல்லது ஞாயிறு மதியம் பிடிக்கலாம். திருப்பூரில் இருப்பவர்களிடம் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு கேளுங்கள். எழுதச் சொன்னால் அனுப்ப மாட்டார்கள், பேசச் சொன்னால் பேசுவார்கள்.

கோயில் வளாகத்தில் வைத்துக் கேட்காதீர்கள். அங்கே எல்லோரும் ஜெபம் சொல்வது போலப் பேசுவார்கள். அவர்கள் வீட்டுத் திண்ணையில், அவர்கள் கொடுக்கும் டீயைக் குடித்துக்கொண்டு கேளுங்கள். டீயை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். எந்த வீட்டில் வேண்டாம் என்கிறோம் என்பதை அந்தத் தெரு மறக்காது.

என்ன கேட்பது? முதல் இரண்டு நாள் நான் "அக்கா எப்படிப்பட்டவங்க?" என்று கேட்டேன். எல்லோரும் "ரொம்ப நல்லவங்க, தங்கமானவங்க" என்றார்கள். இருபது வீட்டில் ஒரே பதில். அதை வைத்து எதையும் எழுத முடியாது. அப்புறம் கேள்வியை மாற்றினேன்: "கடைசியா அவங்களை எங்கே பார்த்தீங்க? என்ன பேசினாங்க?" "உங்க வீட்டுக்கு முதல்ல எப்போ வந்தாங்க? என்ன காரியமா வந்தாங்க?" "அவங்க கொடுத்தது ஏதாவது வீட்டில் இருக்கா?" "எதுக்காவது உங்களைத் திட்டியிருக்காங்களா?"

அந்தக் கடைசிக் கேள்வியில்தான் எல்லோர் முகமும் மலர்ந்தது. பூசைக்குத் தாமதமாக வந்தால் அக்கா வாசலிலேயே நிறுத்திக் கேட்பார். மகளைப் பத்தாவதோடு நிறுத்தப் பார்த்த ஒரு தகப்பனை மூன்று நாள் விடாமல் திட்டியிருக்கிறார். அந்தப் பெண் இப்போது நர்ஸ். ஒரு திருநங்கைச் சகோதரி சொன்னது என் நோட்டில் அப்படியே இருக்கிறது: "நான் பின்னாடி தூண்கிட்ட நின்னுட்டு பாட்டு மட்டும் பாடிட்டுப் போயிடுவேன். ஒருநாள் வந்து, இந்தக் குரலை ஏன் தூணுக்குக் கொடுக்கிற, பாடகர் குழுவில வந்து நில்லுன்னு திட்டினாங்க." அப்படித்தான் அவர் எங்கள் பாடகர் குழுவுக்குள் வந்தார். அன்று முணுமுணுத்தவர்கள் பங்கில் உண்டு. அக்கா அவருடைய பக்கத்திலேயே போய் நின்று, பாட வராவிட்டாலும், ஒரு வருடம் பாடினார்.

கேட்டதை அன்றிரவே எழுதி வையுங்கள். அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். திருத்தமான தமிழாக மாற்றாதீர்கள். "அவர் எனக்குப் பேருதவி புரிந்தார்" என்று நம் ஊர்க் கிழவி ஒருவரும் சொல்ல மாட்டார்.

குறைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இறந்த தொண்டரை உடனே புனிதர் என்று சொல்லிவிடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. திருச்சபை அதற்கு நீண்ட வழி வைத்திருக்கிறது. விசாரணையைத் தொடங்கவே சாதாரணமாக இறந்து ஐந்து வருடம் ஆக வேண்டும். இறந்தவருக்காக நாம் ஜெபிக்கிறோம் என்பதே அவருக்கு நம் ஜெபம் தேவை என்பதால்தான். கோபக்காரர், பிடிவாதக்காரர், கணக்கு எழுத மறப்பவர் என்பதையும் சொன்னால்தான் கேட்கிறவர்களுக்கு நாமும் இதைச் செய்யலாம் என்று தைரியம் வரும்.

ஐந்தாம் படி: சொல்லக் கூடாததைப் பிரித்து வைப்பது

அக்காவின் அலமாரியில் ஒரு நாற்பது பக்க நோட்டு கிடைத்தது. ஒவ்வொரு ஞாயிறும் பூசைக்கு வராதவர்களின் பெயர், பக்கத்தில் காரணம், திங்கள்கிழமை போய்ப் பார்த்த விவரம். அதைவிட நல்ல நினைவுப் பொருள் வேறு இல்லை என்று முதலில் துள்ளினேன். கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாம் என்றுகூடச் சொன்னேன். பக்கத்தைப் புரட்டப் புரட்டக் கை நடுங்கியது. யாருக்கு என்ன நோய், யார் வீட்டில் அடிதடி, யார் மகன் குடிக்கிறான், யார் எவ்வளவு கடன் வாங்கினார் என்று எல்லாம் இருந்தது. ஊர் அவரை நம்பிச் சொன்னது அது. நாங்கள் அதை யாருக்கும் காட்டவில்லை. அவர் மகளும் பங்குத்தந்தையும் சேர்ந்து, இன்னும் உதவி தேவைப்படும் பெயர்களை மட்டும் தனித்தாளில் குறித்துக்கொண்டு நோட்டை எரித்துவிட்டார்கள். சரியான முடிவு என்றே நினைக்கிறேன். கூட்டத்தில் "அக்கா ஒரு நோட்டு வைத்திருந்தார், வராதவர்களைத் தேடிப் போக" என்று மட்டும் சொன்னோம். அதுவே போதுமானதாக இருந்தது.

இதிலிருந்து நாங்கள் எடுத்த விதி: ஒருவர் வாழ்க்கையில் நடந்ததை அவர் சம்மதம் இல்லாமல் மேடையில் சொல்லக் கூடாது, பெயரைச் சொல்லாவிட்டாலும் கூடாது. சின்ன ஊரில் பெயர் சொல்லாமலேயே ஆள் தெரிந்துவிடும். வீட்டில் கேட்கும்போதே, "இதைக் கூட்டத்தில் சொல்லலாமா? நீங்களே சொல்றீங்களா, நாங்க படிக்கட்டுமா, வேண்டாமா?" என்று கேட்டுவிடுங்கள். கூட்டத்துக்கு முந்தின நாள் இன்னொரு முறை கேளுங்கள். எங்களிடம் இரண்டு பேர் மனம் மாறினார்கள், எடுத்துவிட்டோம்.

ஆறாம் படி: முப்பதாம் நாள்

நம் வழக்கத்தில் மூன்றாம் நாள், ஏழாம் நாள், முப்பதாம் நாள் பூசைகள் உண்டு. பங்கு முழுதும் கூடுவதற்கு முப்பதாம் நாள் தோதானது. சரியாக முப்பதாம் நாளே வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். அதை ஒட்டி வரும் சனிக்கிழமை சாயங்காலம் வைத்தால் வெளியூர்க்காரர்கள் வருவார்கள். தவக்காலம், திருவருகைக்காலம் என்றால் எந்தத் திருப்பலி வாசிக்கலாம் என்பதைப் பங்குத்தந்தை திருவழிபாட்டு நாள்காட்டியைப் பார்த்துச் சொல்வார். கருத்தாக ஒப்புக்கொடுப்பதற்கு அந்தத் தடை இல்லை.

வாசகங்களுக்கு சாலமோனின் ஞானம் 3ஆம் அதிகாரத் தொடக்கமும், மத்தேயு 25இல் பசித்தோருக்கு உணவு கொடுத்தவர்களைப் பற்றிய பகுதியும் பொருத்தமாக இருக்கும். தபித்தாவின் பகுதியைத் திருப்பலிக்குப் பின் நடக்கும் கூட்டத்தில் வாசித்தோம்.

வந்திருக்கும் மற்ற மதத்தவர்களுக்கு நற்கருணை நேரத்தில் என்ன செய்வதென்று தெரியாது. எழுந்து வரிசையில் வந்து திரும்பிப் போனால் அவர்களுக்கும் சங்கடம், நமக்கும் சங்கடம். பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே பேசி, "நற்கருணை வாங்காதவர்கள் கைகளை மார்பில் குவித்து வந்தால் ஆசீர் பெற்றுச் செல்லலாம்" என்று பூசை தொடங்கும் முன்பே அன்பாக அறிவியுங்கள். நடுவில் அறிவித்தால் விரட்டுவது போலக் கேட்கும்.

இப்போது மேசை. கோயில் முகப்பில் வெள்ளைத்துணி விரித்த நீள மேசை ஒன்றைப் போட்டோம். அக்கா கொடுத்தது, அக்கா கைபட்டது எதுவாக இருந்தாலும் அன்று ஒரு நாளுக்குக் கொண்டுவந்து வைக்கும்படி நான்காம் படியிலேயே சொல்லி வைத்திருந்தோம். என்னென்ன வரும் என்று நாங்கள் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. முதியோர் உதவித்தொகை மனுவின் நகல், மடித்து மடித்துக் கிழிந்தது. கிறிஸ்துமஸ் ராத்திரிப் பூசைக்கு வழிகாட்டிய டார்ச். சத்துணவுக் கூடத்தின் பழைய கரண்டி. கேழ்வரகு மாவு கொடுத்தனுப்பிய தூக்குச்சட்டி; திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டதாக அழுதுகொண்டே வைத்தார் ஒரு பாட்டி. நர்ஸ் ஆன பெண் தன் அடையாள அட்டையை வைத்தார். எதிர்வீட்டு முஸ்லிம் அம்மா ஒரு குடையை வைத்தார். சைகையில் மன்றாட்டுச் சொன்ன அந்தத் தம்பி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தான். மேசையில் இடமில்லை, பக்கத்தில் போட்டான். அதில் யாரும் உட்காரவில்லை.

பேச்சுக்கு மேடை போட வேண்டாம். அந்த மேசைக்குப் பக்கத்தில் ஒரு மைக் மட்டும் வையுங்கள். அவரவர் தான் வைத்த பொருளைக் காட்டி ஒரு நிமிடம் பேசட்டும். பேச வராதவர் பொருளைத் தூக்கிக் காட்டினால் போதும். பார்வையற்றவர்களுக்காக என்ன பொருள் என்பதை ஒருவர் வாயால் சொல்லட்டும். மைக்கின் உயரத்தைக் கவனியுங்கள்: சக்கர நாற்காலியில் வருபவருக்கும் எட்ட வேண்டும். மேசை, மைக் இரண்டும் படிக்கட்டுக்குக் கீழேயே இருக்கட்டும். பங்குப்பேரவைக்காரர்கள், சபைத் தலைவர்கள், வந்திருக்கும் பெரிய மனிதர்கள் எல்லாம் கடைசியில், நேரம் இருந்தால் பேசலாம். இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எங்கள் பங்கில் ஒருவருக்கு வருத்தம்தான். ஆனால் பாட்டியின் தூக்குச்சட்டியைப் பார்த்தபின் அவரே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பிளக்ஸ் வைப்பதென்றால் அனுமதி வாங்கி ஒன்றே ஒன்று வையுங்கள். அதில் தொண்டரின் முகம் மட்டும் போதும். கீழே வரிசையாக நம் படங்கள் வேண்டாம். ஆதார் அட்டைப் படத்தைப் பெரிதாக்காதீர்கள். ஏதோ ஒரு திருவிழாவில் யாரோ எடுத்த படத்தின் ஓரத்தில், கையில் வாளியோடு அவர் நிற்பார். அதைத் தேடுங்கள்.

ஏழாம் படி: பந்தி

சாப்பாடு இல்லாமல் அனுப்பாதீர்கள். எளிமையாக இருக்கட்டும், சைவமாக இருக்கட்டும். விரதத்தில் இருக்கும் பக்கத்து வீட்டாரும் உட்கார முடியும். சமைப்பதில் காலனிப் பெண்களும் ஊர்த்தெருப் பெண்களும் சேர்ந்தே நிற்க வேண்டும். ஒரே பந்தி, ஒரே அடுப்பு. பார்சல் வாங்கிக்கொண்டு நழுவப் பார்ப்பவர்கள் இருப்பார்கள். அவர்களைக் கட்டாயப்படுத்த வேண்டாம், ஆனால் அவர்கள் வசதிக்காகத் தனிப் பந்தியும் போட வேண்டாம். தரையில் உட்கார முடியாதவர்களுக்குப் பந்தியின் நடுவிலேயே நாற்காலியும் பெஞ்சும் போடுங்கள். ஓரத்தில் தனியாகப் போடாதீர்கள்.

எட்டாம் படி: அவர் செய்த வேலைகளைப் பிரித்துக் கொடுப்பது

தொண்டர் செய்த வேலைகளை எழுதிப் பார்த்தபோது பதினேழு வந்தது. அதில் நான்குதான் பங்குப்பேரவைக்கே தெரியும். அடுத்த ஞாயிறே பூசை முடிந்ததும் அவற்றைச் சத்தமாக வாசித்து, "இதை யார் எடுத்துக்கொள்கிறீர்கள்?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டோம். ஒரே ஆளிடம் கொடுக்காதீர்கள். அக்காவின் உடம்பு அப்படித்தான் கெட்டது என்பதை வருத்தத்தோடு ஒப்புக்கொள்கிறேன். வேலைக்கு இரண்டு பேர். அதில் ஒருவராவது முன்பு உதவி பெற்றவராக இருந்தால் நல்லது. யார் வீட்டுக்குப் போக வேண்டும் என்பது அவருக்குத்தான் தெரியும். மாதம் ஒருமுறை, அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேரும் அன்பியக் கூட்டத்தில் விசாரியுங்கள். எங்களிடம் மூன்று வேலைகள் இரண்டு மாதத்தில் நின்றுபோயின. ஆட்டோ பிடித்துத் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப்போகும் வேலை அதில் ஒன்று. மறுபடி கேட்டு வேறு ஆள் போட்டோம்.

அவர் பெயரில் பணம் திரட்டுவதென்றால் குடும்பத்தின் சம்மதம், பங்கு ரசீது, இரண்டு பேர் கையெழுத்து, மாதக் கணக்கைக் கோயில் பலகையில் ஒட்டுவது ஆகிய நான்கும் வேண்டும். முடியாதென்றால் பணத்தைத் தொடாதீர்கள்.

ஒன்பதாம் படி: முதலாண்டும் கல்லறைத் திருநாளும்

முதலாண்டுத் திருப்பலிக்குத் தேதி குறிக்கும்போது திருநீற்றுப் புதனும் புனித வாரமும் கூடாது. வேறு நாளுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை விழுந்தால் ஞாயிறுத் திருப்பலியே நடக்கும், மன்றாட்டில் பெயரைச் சொல்லலாம். இந்த முறை பெரிய கூட்டம் தேவையில்லை. பதினேழு வேலைகளின் பட்டியலை எடுத்து, எது நடக்கிறது, எது நின்றது என்று பேசிக்கொள்ளுங்கள். நவம்பர் நடுவில் வரும் வறியோருக்கான உலக நாள், திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் அறிவித்து, 2017 முதல் கொண்டாடப்படுவது. முதலாண்டு அதை ஒட்டி வந்தால் இரண்டையும் சேர்த்தே செய்யலாம்.

நவம்பர் 2 கல்லறைத் திருநாள். அன்று எல்லோரும் தங்கள் குடும்பக் கல்லறைக்கு வெள்ளையடித்து, பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றி, குரு வந்து ஆசீர்வதிக்கும் மந்திரிப்புக்குக் காத்திருப்பார்கள். நவம்பர் 1 முதல் 8 வரை கல்லறைத் தோட்டம் சென்று இறந்தோருக்காக ஜெபித்தால், வழக்கமான நிபந்தனைகளோடு, பாவத்துக்கான தண்டனை முழுவதையும் நீக்கும் பரிபூரண பலனை அவர்களுக்காகப் பெறலாம். ஆனால் கல்லறைத் தோட்டத்துப் பாதை பெரும்பாலும் மேடு பள்ளம், முள். முழங்கால் மடங்காதவர்களும் சக்கர நாற்காலிக்காரர்களும் கேட்டோடு நின்றுவிடுவார்கள். முந்தின வாரமே முள் வெட்டி, கேட்டிலிருந்து தொண்டரின் கல்லறை வரை மண் கொட்டிப் பாதையைச் சமப்படுத்துங்கள். யாரும் கவனிக்காத கல்லறைகளுக்கும், குடும்பம் இல்லாதவர்களின் மண்மேட்டுக்கும் சேர்த்து வெள்ளையும் மெழுகுவத்தியும் வாங்குங்கள். "நித்திய இளைப்பாற்றியை இவர்களுக்கு அளித்தருளும் ஆண்டவரே" என்று அங்கே நின்றும் சொல்லுங்கள்.

எங்கள் பங்கில் அந்தத் தம்பி நவம்பர் 2 மதியம் இரண்டு மணிக்கே குட்டியானை வண்டியில் பன்னிரண்டு நாற்காலிகளை ஏற்றிவிடுகிறான். மந்திரிப்பு நாலு மணிக்கு. அதற்குள் அக்காவின் கல்லறையைச் சுற்றி அவற்றைப் போட்டுவிட்டு, யார் யார் இன்னும் வரவில்லை என்று வாசல் கேட் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பான்.